டேங்க் மாதிரி ஒரு கேம் செய்கிறோம், கிரவுட்ஃபண்டிங் போகலாமா?

செங்கல்சுவர் (கோவை):

வணக்கம். டிவி கேமில் ‘டேங்க்’ ஆடாமல் வளர்ந்தவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். அதன் நிஜப் பெயர் பேட்டில் சிட்டி, நாம்கோ 1985-இல் விட்டது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. நமக்கு அது 9999 கேம் என்று லேபிள் ஒட்டிய கேசட்டில் வந்த டேங்க், அவ்வளவுதான். கழுகைக் காப்பாற்ற வேண்டும், செங்கலை உடைக்கலாம், மூணு நட்சத்திரம் எடுக்காமல் இரும்பை உடைக்க முடியாது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் என் தம்பி எங்கள் கழுகையே சுட்டுவிட்டு ஓடிவிடுவான்.

நானும் மச்சானும் ஒன்றரை வருடமாக அதை மனதில் வைத்து ஒரு கேம் செய்கிறோம். நாலு பேர் ஆன்லைனில் ஆடலாம். மழை பெய்தால் தரை சேறாகி டேங்க் வழுக்கும். இடிந்த சுவரின் குவியல் அப்படியே கிடந்து மறைவிடமாகும். இரண்டு பேருக்குமே பகலில் வேறு வேலை, ராத்திரி பத்துக்கு மேல்தான் உட்காருகிறோம். 12 லெவல் ஓடுகிறது. இன்னும் 20 லெவல், படம் வரைபவருக்குச் சம்பளம், சர்வர் என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் எட்டு லட்சம் ரூபாய்க்குக் குறையவில்லை.

பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 10,000 டாலர் கேட்கலாமா? கீசெயின், டி-ஷர்ட், போஸ்டர் தரலாம் என்றும், கூடுதலாக வந்தால் லெவல் எடிட்டர் (ஆடுபவரே லெவல் அமைக்கும் வசதி), தனிக் கதைப் பகுதி என்றும் பட்டியல் போட்டிருக்கிறோம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூணுஉசுரு (சேலம்):

முதலில் ஒன்று. இந்தியாவில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகப் பணம் திரட்ட முடியாது, அவர்கள் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. வெளிநாட்டில் கம்பெனியோ கூட்டாளியோ வேண்டும். இன்னொன்று, கிடைக்காமல் போனால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். புனேக்காரர்களின் ராஜி என்ற கேம் 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகையை எட்டவில்லை. ஆனாலும் 2020-இல் கேம் வெளியே வந்துவிட்டது.

பேஸ்மண்ட்_கலகா (ரொறன்ரோ):

தம்பி, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2016-இல் நானும் ஒரு சிநேகிதனும் கலகா என்ற பழைய விண்வெளிச் சுடும் கேம் மாதிரியான ஒன்றுக்கு கிக்ஸ்டார்ட்டரில் 9,000 கனேடிய டொலர் கேட்டோம். 11,300 சேர்ந்தது. அன்று இரவு வீட்டில் பாயாசம்.

கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். கார்டுச் செலவென்று இன்னொரு 3 சதவீதமும், ஆளுக்குக் கொஞ்சச் சில்லறையும் போகும். அது முதலிலேயே தெரிந்த கணக்கு. எங்களைச் சாய்த்தது ரீசேட், அதுதான் நீங்கள் சொல்லும் டி-ஷர்ட். 64 பேருக்குத் தருவதாக எழுதிவிட்டோம். அச்சடித்தவர்கள் கறுப்புக்குப் பதிலாகக் கத்தரிப்பூ நிறத்தில் தந்தார்கள், திருப்பி அடிக்க மூன்று கிழமை. அவுஸ்திரேலியாவுக்கும் ஜேர்மனிக்கும் போன தபால் செலவு சட்டையின் விலையைவிடக் கூட. அம்மா பேஸ்மண்டில் இருந்து ஒவ்வொன்றாக மடித்து, ஊரில் மிளகாய்த்தூள் பார்சல் கட்டுகிற அதே கவனத்தோடு டேப் ஒட்டினா. அந்த மாதம் முழுக்க நான் ஒரு வரி கோட் எழுதவில்லை. சைஸ் மாறிவிட்டது என்று ஒருவர் மூன்று மெயில் போட்டார், மூன்றிலும் கேமைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆகவே பொருள் எதுவும் தராதீர்கள். கேமின் ஒரு பிரதி, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர், காணும்.

அதைவிடப் பயப்பட வேண்டியது ‘கூடுதலாக வந்தால்’ என்று தொடங்கும் வரிகள். ஷவல் நைட் என்ற பழைய பாணிக் கேமை எல்லாரும் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். வெற்றிதான். யாட் கிளப் கேம்ஸ் 2013-இல் 75,000 டொலர் கேட்டது, 3,11,000-க்கு மேல் வந்தது. 2014 ஜூனில் கேம் வெளியானது. ஆனால் வெளியாவதற்கு முன்பே காசு தீர்ந்து, கடைசிச் சில மாதங்கள் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். ‘கூடுதலாக வந்தால்’ என்று கொடுத்த வாக்குறுதிகளில் மூன்று எதிரி வீரர்களாக ஆடக்கூடிய தனிப் பகுதிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் வளர்ந்து வளர்ந்து ஒரு கேம் அளவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது வந்தது 2019 டிசம்பரில். முதல் கேம் நன்றாக விற்றபடியால் தாக்குப்பிடித்தார்கள். மற்றப் பக்கம் மைட்டி நம்பர் 9 என்ற கேம். மெகா மேன் கேம் புகழ் கெய்ஜி இனாஃபுனேயின் பெயருக்கே 38 லட்சம் டொலர் சேர்ந்தது. இருக்கிற எல்லாக் கருவியிலும் வரும் என்று சொல்லி, தள்ளித் தள்ளி 2016-இல் வந்தபோது காசு போட்டவர்களே ஏசினார்கள்.

லெவல் எடிட்டர் பற்றி ஒன்று. 1985 கேமின் முதல் திரையிலேயே ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரு வரி இருந்தது ஞாபகமா? நாற்பது வருடத்துக்கு முன் சும்மா கொடுத்ததைப் பரிசு என்று விற்காதீர்கள்.

இனிக் கேமுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். பழைய டேங்க் ஏன் இன்றும் சலிக்கவில்லை? இரண்டு நட்சத்திரம் எடுக்கும் வரைக்கும் உங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான். அது எதிலாவது மோதிய பிறகுதான் அடுத்தது. தூரத்தில் நின்று சுட்டுத் தவறினால், குண்டு திரையைக் கடக்கும் வரைக்கும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். கிட்டப் போனால் படபடவென்று சுடலாம், ஆனால் கிட்டப் போனால் சாவு. முழு விளையாட்டும் இந்த ஒரு விதிக்குள் இருக்கிறது. சேறும் மழையும் அதற்கு மேலே பூசுகிற வண்ணம்தான்.

நல்லாப் புதுப்பித்தவர்கள் இப்படியொரு முடிச்சைத்தான் தேடிப் பிடித்தார்கள். 2007-இல் வந்த பக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன், ஆட்டத்தை ஐந்து நிமிடம் என்று சுருக்கிவிட்டு, பழத்தைத் தின்றால் பாதித் திரை புதிதாகும்படி செய்தது. ஷவல் நைட்டில், செத்தால் திரும்பத் தொடங்கும் இடத்தைக் குறிக்கிற விளக்கை உடைத்தால் காசு கொட்டும், ஆனால் அதற்குப் பிறகு செத்தால் அந்த இடத்தில் எழும்ப முடியாது. நாணயம் போட்டு ஆடிய காலத்துப் பயத்தை நாணயம் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்! நான் அதை இரண்டாவது விளக்கிலேயே உடைத்து, மூன்று முறை அழுதவன்.

காசு கேட்கும்போது வீடியோவை நம்பாதீர்கள். ஆடிப் பார்க்கிற டெமோ வையுங்கோ. அண்டர்டேல் என்ற கேமுக்கு 2013-இல் 5,000 டொலர்தான் கேட்டார்கள், 51,000 வந்தது. டெமோ ஏற்கெனவே கையில் இருந்தது. உங்களிடம் 12 லெவல் இருக்கிறது. மூன்றைக் கொடுங்கள்.

மூணுஉசுரு (சேலம்):

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு பக்கம் திறக்க 100 டாலர்தான். டெமோவை அங்கே போட்டு எத்தனை பேர் விஷ்லிஸ்டில் வைக்கிறார்கள் என்று பாருங்கள். இருநூறு பேர்கூட வைக்கவில்லை என்றால் கிரவுட்ஃபண்டிங்கிலும் ஆள் வராது.

ஈரோட்டு_ஜாய்ஸ்டிக்:

கழுகை மாற்றிவிடுங்க. ஆட்ட விதியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் உருவமும் தோற்றமும் வேறு கதை. 2012-இல் அமெரிக்காவில் டெட்ரிஸ் வழக்கில், அச்சு அசலாக இருந்த ஒரு நகல் கேமுக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. செங்கல் நிறம்கூட அப்படியே இருந்தால் எனக்குப் பயம்தான்.

செங்கல்சுவர் (கோவை):

எல்லோருக்கும் நன்றிங்க. கழுகு ஏற்கெனவே இல்லை, ஒரு தண்ணித்தொட்டி வைத்திருக்கிறோம். டி-ஷர்ட் பட்டியலை மச்சானிடம் படித்துக் காட்டாமலே அழித்துவிட்டேன்.

ரொறன்ரோ அண்ணா, ஒரு குண்டு விஷயம் நெஞ்சில் குத்திவிட்டது. நாங்கள் அதை முதல் மாதமே கழற்றிவிட்டோம், இப்போது பட்டனை அமுக்கிப் பிடித்தாலே சரமாரியாகச் சுடும். நேற்று ராத்திரி திரும்ப ஒன்றே ஒன்று என்று வைத்துப் பார்த்தோம். நாலு பேர் ஆடும்போது சரியாக வருகிறது, தனியாக ஆடினால் ரொம்ப மெதுவாகத் தெரிகிறது. திரை அகலம் காரணமா?

பேஸ்மண்ட்_கலகா (ரொறன்ரோ):

அகலம்தான் காரணமாக இருக்கும். பழைய களம் கிட்டத்தட்டச் சதுரம், உங்கள் திரையில் குண்டு பக்கவாட்டில் போகிற தூரம் கூட. குண்டின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன், களத்தின் அகலத்தைக் குறைத்துப் பாருங்கோ. டெமோ லிங்க் போட்டதும் சொல்லுங்கள், ஞாயிறு மகனோடு இருந்து ஆடிப் பார்க்கிறேன். அவனும் உங்கள் தம்பி மாதிரித்தான்.