டயலிசிஸ் போற அப்பா மாசிக்கு தப்பு (பறை) அடிக்கணும்னு நிக்கிறாரு, விடலாமா?

பொகவந்தலாவ பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்கப்பா தப்பு வாத்தியார். பொகவந்தலாவ பக்கம் தோட்டம். தாத்தா விடிய முன்னுக்கு பெரட்டுத் தப்பு அடிச்சி ஆளுகள எழுப்பி விட்டவரு, அப்பா அதுலருந்து வந்து காமன் கூத்து (சிவன் காமன எரிச்சி, ரதி அழுது, திரும்ப எழுப்புற கத), கோயில் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் அடிச்சாரு, மாசி மாசம்னா வீட்டுப் பக்கமே வரமாட்டாரு, காமன் நட்டதுலருந்து எரிக்கிற வரைக்கும் கூத்து நடக்குற எடந்தான். சீனியும் பிரசரும் ரொம்ப வருசமா இருந்துச்சு, மருந்து ஒழுங்கா குடிக்கல, கடைசில கிட்னி ரெண்டும் போயிருச்சு. இப்ப கண்டிக்கு டயலிசிஸ் போறோம், ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம். இடது முழங்கை மடிப்பு கிட்ட பிஸ்டுலா வச்சிருக்காங்க, டயலிசிஸ் ஊசி ஏத்துறதுக்கு ரெண்டு ரத்தக் குழாய சேத்து தைக்கிறது.

விசயத்துக்கு வாறேன். அப்பா முந்தி ஒரு மொரடு. கூத்துல யாராவது அடி பிசகினா குச்சியால முட்டியில ஒண்ணு வைப்பாரு, யாரையும் ஒரு நல்ல வார்த்த சொல்லி நாங்க கேட்டதில்ல. இப்ப என்னான்னா, ஊசி ஏத்துற மிஸ்ல இருந்து வாட்ட கூட்டுறவங்க வரைக்கும் கும்புடுறாரு. பஸ்ல எடம் குடுத்த சிங்கள அக்காவுக்கு எறங்குறதுக்குள்ள ஏழெட்டு தடவ பொஹோம ஸ்தூதி (ரொம்ப நன்றி) சொல்லி, அவங்களே போதும் மாமா போதும்னு சிரிச்சிட்டாங்க. தண்ணிக்கு அளவு இருக்குதானே, அவருக்கு உள்ள தேத்தண்ணிய சின்ன டம்ளர்ல ஊத்திக் குடுப்போம், அத கையில வச்சிக்கிட்டு சாயத்த பாத்து, மோந்து, நாக்க நனைச்சி நனைச்சி அரை மணித்தியாலம் குடிப்பாரு. வாழ்நாள் பூரா கொழுந்து லொறியில மூட்டை ஏத்துன மனுசன், இப்பதான் தேயிலைக்கு என்னா வாசம் பாத்தியானு எங்கிட்ட கேக்குறாரு.

அடுத்தது அந்தக் கை. பிஸ்டுலா வச்ச எடத்த தொட்டா உர்ர்னு ஒரு அதிர்வு ஓடும், காது வச்சா சத்தமும் கேக்கும், வச்சிருக்கவங்களுக்கு தெரியும். ராத்திரியில தலமாட்டுல அந்தக் கைய வச்சி கேட்டுக்கிட்டே கெடப்பாரு, வலது கை வெரலு கட்டில் சட்டத்துல தட்டிக்கிட்டே இருக்கும். டயலிசிஸ் மெசின்ல ரத்தத்த இழுக்குற பம்ப் சுத்துதுல்ல, அது ஒரு நடையில போகுதாம், கை வேற நடையில போகுதாம், ரெண்டும் வெலகி வெலகி போயி ஒரு எடத்துல ஒண்ணா விழுமாம், மறுபடி வெலகுமாம். அத புடிச்சி புது அடி ஒண்ணு கட்டியிருக்காரு. கேட்டா எனக்கே எந்திரிச்சி ஆடணும் போல இருக்கு. இத்தன வருசத்துல தாத்தா குடுத்த அடிய ஒரு சொல்லு மாத்த விடாத ஆளு!

இப்ப மாசி வருது. காமன் எரியிற ராத்திரி மட்டும் அடிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அம்மா தப்ப எடுத்து அட்டலுக்கு (பரண்) மேல போட்டுட்டாங்க. வீட்ல தெனம் சண்ட. விடலாமா, வேணாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பென்சன் மிஸ்:

மகள், நான் ரொம்ப காலம் டயலிசிஸ் யூனிட்ல வேல செஞ்சு இப்ப வீட்ல இருக்கேன். உங்கப்பாவ நான் பாக்கல, அதனால பொதுவாத்தான் சொல்றேன், கடைசி முடிவு அவர பாக்குற டொக்டரோடது.

முதல்ல கை. தப்ப தோள்ல மாட்டினா அதோட விளிம்பு இடது கையில சாஞ்சிதானே நிக்கும்? நீங்க சொல்ற எடத்துலயே வந்து அழுத்தும். அது கூடவே கூடாது. அந்தக் கையில பிரசர் பாக்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, மணிக்கூடு, இறுக்கமான கை வச்ச சட்ட, பாரம் ஒண்ணும் ஆகாது, அது மேல சாஞ்சி படுக்கவும் கூடாது, இதெல்லாம் உங்களுக்கு சொல்லியிருப்பாங்க. அழுத்துனா உள்ள ரத்தம் கட்டி அடைச்சிரும். அந்த உர்ர் நின்னு போச்சுனா விடியட்டும்னு பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. உங்கப்பா ராத்திரி பூரா அத கேட்டுக்கிட்டு கெடக்குறாருன்னு எழுதினீங்களே, எங்க யூனிட்ல தெனம் தொட்டுப் பாருங்க தொட்டுப் பாருங்கன்னு தொண்ட கிழிய கத்துவோம், யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா தலமாட்டுல வச்சி கேக்கட்டும், தலைக்கு அடியில வைக்க விடாதீங்க.

ரெண்டாவது, டயலிசிஸ் நாள்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் குடுப்பாங்க, அன்னைக்கு குச்சியே தொடக் கூடாது. எப்பவாவது ஊசி போட்ட எடத்துல ரத்தம் வந்தா துணிய வச்சி சுத்திக்கிட்டு நிக்காம வெரலால அந்த எடத்துலயே அமத்திப் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மூணாவதுதான் எனக்கு பயமே. கூத்து ராத்திரினா லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிச வீடு) தேத்தண்ணி, வாழப்பழம், மிக்சர். வாழப்பழத்துலயும் இளநியிலயும் பொட்டாசியம் கூட, கிட்னி இல்லாத உடம்புல அது ஏறுனா இதயத்தையே நிப்பாட்டிரும். மிக்சர் உப்புக்கு தாகம் எடுக்கும், தாகத்துக்கு தண்ணி குடிப்பாரு, தண்ணி நெஞ்சுல ஏறி மூச்சு முட்டும். வாத்தியார்னு மரியாதைக்கு யாராவது சாராயமும் நீட்டுவான்.

ஒண்ணு செய்யுங்க. அடுத்த கிளினிக்குக்கு தப்பையே தூக்கிட்டுப் போங்க. டொக்டர் முன்னுக்கு மாட்டிக் காட்டட்டும். வாயால சொன்னா அவங்களுக்கு வெளங்காது.

ஹட்டன் ஹார்மோனியம்:

நான் சங்கீதம் படிச்சிக் குடுக்குற ஆளு, மருந்து விசயம் தெரியாது. ஆனா நோய் வருத்தத்துல பாட்டு பொறக்குறது புதுசே இல்ல தங்கச்சி. நம்ம அப்பர எடுங்க. 7ஆம் நூற்றாண்டு, சூலை நோய் வந்து வயித்த முறுக்கி எடுக்குது, திருவதிகையில போய் நின்னு பாடுறாரு, அதுதான் அவரோட முதல் பதிகம், கொல்லிப் பண். வயித்துவலி வரலன்னா அந்த வாயில இருந்து தேவாரமே வந்திருக்காது.

வெள்ளக்காரங்க பக்கம் பீத்தோவன். 1825ல வயித்துல கடுமையான வருத்தம் வந்து படுத்துட்டாரு, எந்திரிச்ச பெறகு ஒரு நால்வர் இசைய எழுதி முடிச்சாரு, அதுல மூணாவது பகுதிக்கு தலைப்பே சொகமான ஒருத்தன் கடவுளுக்கு சொல்ற நன்றிப் பாட்டுங்கிற மாதிரி. அவரு எடுத்துக்கிட்ட ஸ்வர வரிச நம்ம மேசகல்யாணி, 65வது மேளகர்த்தா ராகம். நம்ம கல்யாணி மாதிரி கமகம், அதான் ஸ்வரத்த அசைக்கிறது, எல்லாம் இருக்காது, ரொம்ப மெதுவா கோயில் பாட்டு மாதிரி நகரும், நடுவுல புது பலம் வருதுன்னு எழுதி வச்சிட்டு துள்ளி எந்திரிக்கும். காது அந்தாளுக்கு அப்பவே கேக்காது. உங்கப்பாவ தடுக்காதீங்க, அது கடவுள் குடுத்தது.

லயத்து அக்கா:

ஹார்மோனியம் அண்ணே கோவிக்காதீங்க, இந்த கடவுள் குடுத்ததுங்கிற கத எனக்கு ஏறல. என் வீட்டுக்காரரும் டயலிசிஸ்ல இருந்தவருதான், அவருக்கு பாட்டும் வரல நன்றியும் வரல, சுவர பாத்துக்கிட்டு படுத்திருந்தாரு. அப்ப அவரு என்ன கொறஞ்சவரா? அதோட நீங்க சொன்ன ரெண்டு பேருக்கும் அந்த வருத்தம் சொகமாச்சு. அப்பருக்கு சூலை நீங்கிச்சு, மத்தவரு எந்திரிச்சிதான் எழுதினாரு. இந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு மாத்து கிட்னி கெடைக்கிற வரைக்கும் மெசின்தான். சொகமான பெறகு நன்றி சொல்றதும், சொகமாகாதுன்னு தெரிஞ்சிக்கிட்டே அரை டம்ளர் தேத்தண்ணிய மோந்து பாக்குறதும் ஒண்ணா?

அப்பர பத்தி பேசுறவங்க யாருமே அந்த அக்கா திலகவதிய பத்தி பேச மாட்டீங்க. வலி தாங்காம தம்பி சமண மடத்துல இருந்து சமையக்காரர அனுப்பி வரச் சொன்னப்ப நான் அங்க வரமாட்டேன்னு சொன்ன ஆளு. தம்பிதான் ராத்திரியோட ராத்திரியா அக்காகிட்ட வந்தாரு, அவங்க திருநீறு குடுத்துத்தான் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனாங்க.

தங்கச்சி, உங்க போஸ்ட்ல அப்பா எல்லாருக்கும் நன்றி சொல்றாரு, நர்ஸ் மிஸ்ஸுக்கு, பஸ் அக்காவுக்கு. அம்மாவுக்கு சொன்னாரா? கிழங்க வெட்டி ஊறப் போட்டு, தண்ணிய ஊத்திட்டு மறுபடி அவிச்சி, உப்பில்லாம ஒரு கறி, மத்தவங்களுக்கு ஒரு கறி, விடிய கண்டி பஸ்ஸு, மறுநாள் கொழுந்து கொறஞ்சா அரைப் பேரு, பாதி நாள் சம்பளம். தப்ப அட்டலுக்கு மேல போட்டது கோவத்துல இல்ல, அந்த ராத்திரிக்குப் பெறகு வர்ற பாட்ட அவங்கதான் தூக்கணும். மொத அம்மாகிட்ட ஒக்காந்து கதைங்க.

மஸ்கெலியா தப்புக்காரன் மகன்:

அக்கா சொன்னது சரி, எங்க வீட்லயும் அதே கததான், வாத்தியார் பேரு ஒருத்தருக்கு வேல இன்னொருத்தருக்கு.

நான் தப்பு பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ரெண்டு குச்சியும் ஒரே ஆளு புடிக்கணும்னு என்ன சட்டம்? தப்ப ஸ்டாண்டுல கட்டிருங்க, கூத்து எடத்துல ஒரு கதிரைய போட்டு வாத்தியார ஒக்கார வைங்க. வலது கை குட்டக் குச்சி அவரு, இடது கை மெல்லிசு நீளக் குச்சிய படிக்கிற பையன் ஒருத்தன் எதிர்ல நின்னு போடட்டும். மொத மொதல்ல கேவலமா இருக்கும், ரெண்டு பேருக்கும் எடையில காத்து போகும், போகப் போக ஒட்டிக்கும். தோலு காய்ச்சிற வேலையெல்லாம் பசங்க பாக்கட்டும், மாசிப் பனியில நிமிசத்துக்கு நிமிசம் தோலு எறங்கும், அதுக்கு நெருப்புக்கும் கதிரைக்கும் அவரு ஓடக் கூடாது.

அப்புறம் அந்தப் புது அடிய இப்பவே போன்ல எடுத்து வைங்க. தப்பு சத்தம் மட்டும் எடுத்தா பிரயோசனம் இல்ல, மொதல்ல வாயால தாளச் சொல்லு சொல்லட்டும், பெறகு கட்டில் சட்டத்துல தட்டட்டும், பெறகு தப்புல. எங்கப்பா போனப்ப அவரோட அடி பாதிக்கு மேல அவரோடயே போச்சு. மேடையில கலாசார விழாவுக்கு டண்டணக்கான்னு நாலு அடி அடிச்சிட்டு இறங்குற கூட்டம் இப்ப நெறைய இருக்கு, ரதி அழுவுற எடத்துல எப்படி எறக்கணும்னு தெரிஞ்ச ஆளு ஒரு சிலருதான். அந்த ரெண்டு நடை வெலகிச் சேர்ற அடி எந்த எடத்துக்கு கட்டியிருக்காரு? எரியிற எடத்துக்கா, திரும்ப எழுப்புற எடத்துக்கா? கேட்டு சொல்லுங்க, மண்ட காயுது.

பொகவந்தலாவ பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. பதில் சொல்ல லேட்டாயிருச்சு, கிளினிக் முடியட்டும்னு இருந்தேன்.

பென்சன் மிஸ் சொன்ன மாதிரி தப்ப உரபேக்ல சுத்தி பஸ்ல கொண்டு போனோம். டொக்டர் மாட்டிக் காட்டச் சொல்லி பாத்துட்டு இடது பக்கம் மாட்டவே கூடாதுன்னு ஒரே பேச்சுல சொல்லிட்டாரு. கதிரையில இருந்து வலது கையால கொஞ்ச நேரம் அடிக்கலாம், மறுநாள் டயலிசிஸ் தவறக் கூடாது, ராத்திரி பூரா முழிக்கக் கூடாது. வெளிய வந்தா பக்கத்து வாட்டு ஆளுக ரெண்டு பேரு தப்ப பாத்துட்டு என்னா அண்ணே சாவு வீடான்னு கேட்டாங்க, அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

லயத்து அக்கா, உங்க பதில அம்மாவுக்கு வாசிச்சிக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, திலகவதி கதைய மட்டும் ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னாங்க. அப்பாவும் அங்கனதான் இருந்தாரு. அவரு அம்மாவுக்கு நன்றி எல்லாம் சொல்லல, சொல்லவும் மாட்டாரு போல, ஆனா அன்னைக்கு கிழங்கு தோலு சீவுனது அவரு. அம்மா வைக்கிற கண்டிசன் என்னான்னா, காமன் எரியிற எடத்துக்கு மட்டும் போறது, அவங்க பக்கத்துலயே இருப்பாங்க, யாரு வீட்டு தேத்தண்ணியும் அவங்க கையால அளந்துதான். தப்பு இன்னும் அட்டலுக்கு மேலதான் இருக்கு, கிளினிக்ல இருந்து வந்ததும் திரும்ப போட்டுட்டாங்க, அன்னைக்குத்தான் எறக்குவாங்களாம்.

மஸ்கெலியா அண்ணே, எரியிற எடத்துக்குத்தானாம். எழுப்புற எடத்துக்கு தாத்தா அடியேதான், அதுல கை வைக்க மாட்டாராம். நீளக் குச்சிக்கு எங்க சித்தப்பா மகன் வாறான். மொத நாள் ரெண்டும் ஒட்டவே இல்ல, முட்டியில குச்சியால வாங்கிக் கட்டிக்கிட்டான், ஆக அந்தப் பழக்கம் மட்டும் போகல. அப்புறம் அப்பா அவன் வெரல எடுத்து பிஸ்டுலா மேல மெதுவா வச்சி இத எண்ணுடா, என் கைய பாக்காதன்னாரு. ரெண்டு மூணு சுத்துல புடிச்சிட்டான். போன்ல எடுத்திருக்கேன், சத்தம் தெளிவில்ல, பக்கத்துல நாய் கொலைக்குது.

ஸ்டாண்டுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. ட்ரம் செட் ஸ்டாண்டு சரிவருமா?

மஸ்கெலியா தப்புக்காரன் மகன்:

ட்ரம் ஸ்டாண்டு வேணாம், அது கம்பி விளிம்ப கடிக்கும், சத்தமும் செத்துரும். பழைய கதிரை ஒண்ண திருப்பிப் போட்டு, சாயிற பக்கத்துல ரெண்டு எடத்துல நைலோன் கயிறு கட்டி தொங்க விடுங்க, தப்பு எதுலயும் முட்டாம இருக்கணும். கட்டின பெறகு படம் போடுங்க, சரியான்னு பாத்துச் சொல்றேன்.

பென்சன் மிஸ்:

பையன் வெரல வைக்கிறதுக்கு முன்னுக்கு கைய சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க. ஊசி போட்ட காயம் இருக்குற நாள்ல வைக்கவே வேணாம். இது ரொம்ப முக்கியம் மகள், மறந்துறாதீங்க.