விண்டோஸ் 11க்கு மாறியபின் என்விடிஏ பேசத் தாமதமாகிறது, உதவி தேவை

வணக்கம். நான் பார்வையற்றவன், திருகோணமலையில் இருக்கிறேன், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ இல்லாமல் எனக்குக் கணினியே இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால் போன மாதம் 11க்கு மாறினேன். அன்றிலிருந்து லப்டொப் தவழ்கிறது. அம்புக்குறியை அழுத்திச் சில செக்கன் கழித்துத்தான் குரல் வருகிறது, ஆல்ட்+டாப் அழுத்தினால் சத்தமே இல்லை, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுகிறது. எக்ஸ்ப்ளோரரும் பிரவுசரும்தான் மோசம், நோட்பேட் பரவாயில்லை.

இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், பழைய 1 டிபி ஹாட் டிஸ்க். குரல் ஈஸ்பீக் தமிழ்.

என்விடிஏயைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், ஆட்-ஒன் எல்லாவற்றையும் நிறுத்தி மீளத் தொடங்கினேன், அதன் கருவிகள் மெனுவில் உள்ள கொம் பதிவுத் திருத்தியையும் ஓட்டினேன். ஸ்டார்ட்அப் செயலிகளையும் முடக்கியாயிற்று. விண்டோஸோடு வரும் ஸ்கிரீன் ரீடரான நரேட்டரைப் போட்டாலும் அதே தாமதம், அதனால் கோளாறு என்விடிஏயில் இல்லை என்றே நினைக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. டவுனில் திருத்தும் கடையில் கொடுத்தேன், அவர்கள் திரையைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஒவ்வொரு விசைக்கும் காத்திருப்பது என்னவென்று கண்ணால் பார்த்து வேலை செய்பவருக்குப் புரிவதில்லை. 10 நாள் கெடு தாண்டிவிட்டதால் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதியும் இல்லை.

எனக்கு வேலை முழுக்க இதில்தான், ஹாட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்குக் காசு கட்டும் முன் கேட்கிறேன்: இதே நிலையில் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு ஸ்கிரீன் ரீடரின் தாமதம் உண்மையிலேயே போனதா?