புதுப்பிப்பு: புள்ளியியல் கேள்வி எது என்று பிடிபட்டுவிட்டது

பலரிடம் கேட்டுத் திரட்டினால் விடைகள் வேறுபடும் என்று எதிர்பார்க்கும் கேள்விதான் புள்ளியியல் கேள்வி. ஆனால் விடையில் எண் வந்தாலே அது புள்ளியியல் கேள்வி என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நினைப்பதாகப் போன வாரம் புலம்பியிருந்தேன். பலர் சொன்னபடி விளக்கத்தை விட்டுவிட்டு, விடைகளைத் திரட்டவைத்தேன். "வாரத்துக்கு எத்தனை நாள்?" எல்லாத் தாளிலும் 7. "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" 6, 9, 8, 7½... பலகையில் புள்ளி வரைபடமாகப் போட்டதும் ஒரு பையன், "விடை ஆளுக்கு ஆள் மாறுது சார்!" என்று கத்தினான். அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு!

எழுதும்போதுதான் இன்னும் தடுமாற்றம். "உன் உயரம் என்ன?" என்று ஒருவரோடு நின்றுவிடுகிறார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைச் சேர்த்து, "நம் வகுப்பு மாணவர்களின் உயரம் எவ்வளவு?" என்று மாற்றப் பழக்குகிறேன். வகுப்பில் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதும், எண்ணே வராவிட்டாலும், புள்ளியியல் கேள்விதான் என்பதை ஏற்க அவர்களுக்கு இரண்டு வகுப்புகள் பிடித்தன.