துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால்: மலையகத்தில் இருந்து நெபுலாவைப் படம் எடுக்க உதவி தேவை

கேள்வி: பொகவந்தலாவை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். லயத்தின் கடைசி வீடு எங்களுடையது என்பதால் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. லீக்ஸ் பாத்திக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் உள்ள அந்த இடத்தில்தான் மழை இல்லாத இரவுகளை இரண்டு மாதமாகக் கழித்து வருகிறேன்.

என்னிடம் இருப்பது 130 மி.மீ. விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி. குவியத்தூரம் 650 மி.மீ. அதைத் தாங்குவது ஒற்றை மோட்டார் பூட்டிய ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது விண்மீன்களின் ஓட்டத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி. கமரா பழைய கெனன் 600டீ. எல்லாமே சீட்டுக் காசில் வாங்கிய பாவித்த பொருட்கள். வாங்கியதில் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

வானில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவை 30 வினாடி எடுத்தால் விண்மீன்கள் எல்லாம் அரிசி மணி போல நீண்டு விழுகின்றன. 10 வினாடி எடுத்தால் புள்ளியாக இருக்கின்றன, ஆனால் நெபுலாவின் சிறகுகள் தெரிவதில்லை. மவுண்டின் அச்சு வானத்தின் துருவத்தை, அதாவது வானம் எதைச் சுற்றிச் சுழல்வதாகத் தெரிகிறதோ அந்தப் புள்ளியை, நோக்கி இல்லை என்பதுதான் காரணம் என்று தெரிகிறது. நான் வாசித்த வழிகாட்டிகள் எல்லாம் ‘முதலில் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள்’ என்றே தொடங்குகின்றன. இங்கே அது அடிவானத்தில் இருந்து 7 பாகை உயரத்தில்கூட முழுதாக இல்லை. எங்கள் லயத்துக்கு நேர் வடக்கே நிற்கும் மலையோ 15 பாகைக்குக் குறையாது. பிறந்ததில் இருந்து நான் அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை.

மவுண்டின் சாய்வையும் 15 பாகைக்குக் கீழே இறக்க முடியவில்லை. எடைத் தண்டு முக்காலியின் காலில் மோதுகிறது. இரவு பத்து மணியானால் கண்ணாடி வியர்த்துவிடுகிறது. நிறமும் சாம்பலாகத்தான் வருகிறது.

ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பாடப் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, ‘இது எங்கள் வானத்திலும் இருக்கிறதா டீச்சர்?’ என்று கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன். இங்கிருந்து எடுத்த படத்தையே அவளிடம் காட்ட விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஹட்டன் ஸ்டூடியோக்காரன்

வணக்கம் டீச்சர். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். வானத்தைப் படம் எடுப்பது ஆசை. துருவத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கமராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரிசி மணிகள் படம் முழுவதும் ஒரே திசையில் நீண்டிருக்கின்றனவா, அல்லது நடுவில் புள்ளியாக இருந்து மூலைகளில் மட்டும் வெளிப்பக்கமாக வால் விட்டிருக்கின்றனவா? ஒரே திசை என்றால் அச்சுப் பிழை. மூலைகளில் மட்டும் என்றால் அது நியூட்டன் தொலைநோக்கியின் கோமா, அதாவது படத்தின் ஓரங்களில் வரும் ஒளிப்பிழை. அதற்கு மவுண்டைத் திருகிப் பயன் இல்லை, திருத்தி வில்லை வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். நெபுலாவின் சிவப்பு, ஐதரசன் 656 நனோமீற்றரில் விடும் ஒளி. மனிதர்களின் தோல் நிறம் இயல்பாக விழுவதற்காகக் கமராவின் உணரிக்கு முன்னால் வைக்கும் வடிகட்டி, அந்த ஒளியின் பெரும்பகுதியை மறித்துவிடுகிறது. வடிகட்டியைக் கழற்றி மாற்றலாம். ஆனால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். ஓரியன் நெபுலா பிரகாசமானது. மாற்றாத கமராவிலும் ரோஜா நிறம் கிடைக்கும். ஜேபெக்கில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோ கோப்பாக, அதாவது கமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பாக எடுங்கள். பிறகு பல படங்களை டீப்ஸ்கைஸ்டாக்கர் அல்லது சிரில் என்ற மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டும் இலவசம். படங்களின் எண்ணிக்கையை நான்கு மடங்கு ஆக்கினால் இரைச்சல் பாதியாகும். அடுக்குவதன் பலன் அதுதான். நடுப்பகுதி வெளுத்துப் போகும் என்பதால் 4 வினாடியில் ஒரு பத்துப் படம் தனியாக எடுத்து வையுங்கள்.

நியூட்டனில் முதலில் வியர்ப்பது மேலே உள்ள சிறிய ஆடி. குழாயின் வாயில், உள்ளே கறுப்புப் பூசிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி ஒன்றரைச் சாண் நீட்டிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியின் முதுகில் சில ரெசிஸ்டர்களை ஒட்டி 12 வோல்ட் பெட்டரியில் இணைக்கலாம். ஒன்றிரண்டு வாட் சூடு போதும். விடிந்ததும் அப்படியே மூடி வைத்துவிடாதீர்கள். ஈரம் உலர்ந்த பிறகு, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். மலையகத்தில் வில்லைகளைக் கெடுப்பது பூஞ்சணம். என் முதல் நல்ல வில்லை அப்படித்தான் போனது. உள்ளே சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது.

பதில் 2: அப்புத்தளை அளவையாளர் (ஓய்வு)

மகள், நில அளவை என் தொழிலாக இருந்தது. வடக்கைக் கண்டுபிடிக்கத் துருவ நட்சத்திரம் வேண்டாம். பகலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

திசைகாட்டியை நம்ப வேண்டாம். முக்காலியின் இரும்பும் கூரைத் தகரமும் அதைத் திருப்பிவிடும். சூரியனை நம்புங்கள். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. உங்கள் ஊர் ஏறத்தாழ 80.7இல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்பதால் உங்கள் நண்பகல் 7 நிமிடம் பிந்தும். பெப்ரவரி நடுவில் சூரியன் இன்னும் 14 நிமிடம் பிந்தி உச்சத்துக்கு வருகிறது. ஆக, 12 மணி 21 நிமிடத்துக்கு உங்கள் வாசலில் விழும் நிழல் சரியாக வடக்கைக் காட்டும்.

மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி, நடுவில் இருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். குண்டு கிடைக்காவிட்டால் கனமான பூட்டு போதும். அது காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்; கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதற்குள் மூழ்க விடுங்கள், ஆட்டம் அடங்கிவிடும். நாங்கள் காட்டில் செய்த வேலை இது. கைத்தொலைபேசியின் நேரத்தைப் பார்த்து, அந்த நிமிடத்தில் கயிற்றின் நிழலில் இரண்டு ஆணி அடியுங்கள். ஒரு நிமிடம் பிந்தினால் நிழல் முக்கால் பாகை திரும்பிவிடும். அதனால் ஒருவர் நேரத்தைச் சொல்ல, இன்னொருவர் ஆணி அடிப்பது நல்லது. ஆணிகளுக்கு இடையே நூல் கட்டினால் உங்கள் வடக்கு–தெற்குக் கோடு வந்துவிட்டது. மழை வந்தாலும் ஆணி அங்கேயே இருக்கும்.

அடுத்தது சாய்வு. முக்காலி மட்டமாக நிற்க வேண்டும் என்பது வழக்கம், கட்டாயம் அல்ல. அச்சு சரியான இடத்தை நோக்கினால் போதும். முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்கள் வடக்கிலும் ஒன்று தெற்கிலுமாக வையுங்கள். சில முக்காலிகளில் தலையில் உள்ள முளையையும் எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். எடைத் தண்டு இப்போது இரண்டு கால்களுக்கு நடுவே இடிபடாமல் இறங்கும். பிறகு வடக்குக் கால்களைக் குட்டையாக்கி முழுவதையும் வடக்கே சாயுங்கள். 15 பாகையில் நிற்கும் அச்சு 7க்கு இறங்கும். பாரமும் வடக்கே சாய்வதால் தெற்குக் காலில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட மறக்க வேண்டாம். இதைச் செய்யாமல் என் தொலைநோக்கி ஒரு முறை கோவாப் பாத்திக்குள் விழுந்தது.

இவ்வளவும் செய்தால் பிழை ஒரு பாகைக்குள் வந்துவிடும். அது போதாது. ஒரு பாகைப் பிழை இருந்தால் 30 வினாடியில் விண்மீன் 8 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) வரை நகரும். உங்கள் கமராவில் அது ஆறு பிக்சல் நீளம். அரிசி மணி என்று நீங்கள் சொல்வது அதுதான். மிச்சத்தை விண்மீனே திருத்தித் தரும்.

ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்றில் மேற்கே இருப்பது மின்டாக்கா. அது ஏறக்குறைய வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) மேலேயே இருக்கிறது. பெப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கு உச்சிக்கு வரும். குறுக்குக் கம்பி உள்ள கண்ணருகு வில்லையில் அதை நடுவில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். வடக்கே நகர்ந்தால் அச்சு மேற்கே விலகி இருக்கிறது. தெற்கே நகர்ந்தால் கிழக்கே. அதற்கு எதிராகச் சிறிது திருகி, மீண்டும் பாருங்கள். நியூட்டனில் எது வடக்கு என்று குழப்பம் வரும். குழாயை மெல்ல வடக்கே தள்ளுங்கள். விண்மீன் எந்தப் பக்கம் போகிறதோ அது தெற்கு. பிறகு கிழக்கே 20, 30 பாகை உயரத்தில், நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனைப் பிடியுங்கள். அது வடக்கே நகர்ந்தால் அச்சு உயர்ந்திருக்கிறது, தெற்கே நகர்ந்தால் தாழ்ந்திருக்கிறது. முதல் இரவு இதற்கே இரண்டு மணித்தியாலம் போகும். படம் எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

1880 செப்டெம்பர் 30ஆம் திகதி அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர்தான் இதே நெபுலாவை முதன்முதலில் படம் எடுத்தார். 51 நிமிடம் படத் தட்டைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கும் பாதி வேலை தொலைநோக்கியை விண்மீனோடு ஓட வைப்பதுதான்.

பதில் 3: மஸ்கெலியா – கொழும்பு

ஐயா சொன்னது அருமை. மடிகணினி இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நீனா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கு என்ற ஒரு வசதி இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும். துருவம் கண்ணில் பட வேண்டியதில்லை. கெனன் கமராவோடும் வேலை செய்யும்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப்பக்கம் டிசெம்பர் போயாவில் இருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பாதை முழுவதும் விளக்கு எரியும். அந்தத் திசையில் தாழ்வாக எதையும் எடுக்காதீர்கள். மாலை போட்டது போல அந்த விளக்கு வரிசையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை அணைக்கச் சொல்ல மனம் வராது.

பதில் 4: பொகவந்தலாவை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மழையும் தவணைப் பரீட்சையும் இடையில் வந்துவிட்டன.

சனிக்கிழமை நான்கு பிள்ளைகளை வரச் சொன்னேன். வாளிக்குள் மூழ்கியது எங்கள் கோழிக்கூட்டுப் பூட்டு. ஒருத்தி வினாடியை எண்ண, நான் ஆணி அடித்தேன். நூலைக் கட்டிவிட்டுப் பார்த்தால், இத்தனை நாள் நான் வடக்கு என்று நினைத்திருந்தது மாட்டுக் கொட்டகையின் மூலை. உண்மையான வடக்கு அதற்கு ஒரு முழம் வலப்பக்கம்.

மின்டாக்கா முதலில் நான்கு நிமிடத்தில் கம்பியை விட்டு வடக்கே போனது. அச்சைக் கிழக்கே திருகினேன். மூன்றாவது தடவை ஐந்து நிமிடமும் கம்பியின் மேலேயே இருந்தது. குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கிழக்குப் பக்கத் திருத்தத்தை மறுநாள்தான் முடித்தேன்.

40 வினாடிப் படங்கள் 86 எடுத்தேன். முகில் வந்ததையும் தம்பி கைவிளக்கோடு வந்ததையும் கழித்தால் 61. நாற்பது நிமிட ஒளி. பாடசாலை மடிகணினியில் அடுக்கி முடிய விடிந்துவிட்டது. சிரிலில் படத்தை இழுத்துப் பிரகாசமாக்கியபோது, இரண்டு சிறகும் விளிம்பு வரை ரோஜா நிறத்தில் விரிந்தன. நடுவில் மீன் வாய் என்று சொல்லும் கறுப்புப் பிளவு தெளிவாக இருந்தது. 4 வினாடிப் படங்களில் உள்ளே இருக்கும் நான்கு இளம் விண்மீன்களையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. மூலைகளில் வால் இருக்கிறது. ஹட்டன் அண்ணா சொன்ன கோமா.

கேள்வி கேட்ட பிள்ளையிடம் படத்தைக் கொடுத்தேன். 1,300 ஒளியாண்டுக்கும் அதிகமான தூரம் என்று சொன்னபோது, ‘எந்த இடத்தில் நின்று எடுத்தீர்கள்?’ என்றுதான் முதலில் கேட்டாள். லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் என்றேன்.

ஐயா, இனி ஒரு கேள்வி. வடக்கில் மலை இருந்தாலும் எங்களுக்குத் தெற்கு திறந்தே இருக்கிறது. தெற்குச் சரிவில் உள்ள மலையை இந்த வருடம் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள்; தேயிலைச் செடிகள் முழங்கால் உயரம்தான். கரீனா நெபுலா அங்கிருந்து கிடைக்குமா?

பதில் 5: அப்புத்தளை அளவையாளர் (ஓய்வு)

கிடைக்கும் மகள். படத்தைப் பார்த்தேன், மீன் வாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிகவும் சந்தோஷம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் இரவு ஒன்பதேகால் அளவில் கரீனா நேர் தெற்கே உச்சத்துக்கு வரும். உங்கள் ஊரில் 23 பாகை உயரம். தென்சிலுவையில் இருந்து வலப்பக்கம் பால்வீதியோடு வந்தால் வெறும் கண்ணுக்கே புகைத் திட்டாகத் தெரியும். ஓரியனைவிடப் பரப்பில் பெரியது. இரண்டு பாகை அகலம் என்பதால் உங்கள் சட்டத்தை நிரப்பிவிடும். ஐரோப்பாவில் இருந்து அது தெரியாது. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் அதைப் பதிவு செய்ய நன்னம்பிக்கை முனைவரை போக வேண்டியிருந்தது, அது 1752இல். உங்களுக்குக் கவ்வாத்து மலைவரை போனால் போதும்.

ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை பெய்து, எட்டு மணிக்கு வானம் கழுவியது போல விடும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். மே கடைசியில் உங்கள் பக்கம் மூடிவிடும். அதற்குப் பிறகு ஆடி வரை ஊவாப் பக்கம் வாருங்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும், ஆனால் வானம் திறந்திருக்கும். லகூன் நெபுலா கிட்டத்தட்ட 60 பாகை உயரத்தில் நிற்கும்.

கவ்வாத்து மலைக்குத் தனியாகப் போகக்கூடாது. சிறுத்தை நடமாடும் காலம். காவல்காரரையும் தம்பியையும் கூட்டிப் போங்கள், கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். இரண்டு ஆணியும் ஒரு வாளியும் மணல் பையும் அங்கேயும் வேண்டும். பங்குனி முடியும் முன் ஒரு பகலில் போய் ஆணியை அடித்து வையுங்கள். மார்ச் கடைசியில் சூரியன் 5 நிமிடம்தான் பிந்தும். ஆகவே 12 மணி 12 நிமிடம்.