மறு: 'கடன் வீரர்', 'இரட்டைப் பதிவு' – ரக்பி லீக் சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் ரக்பி லீக் தமிழ்ச் சொற்பட்டியலில் 'லோன்' (ஒரு கழகம் தன் ஆட்டக்காரரைச் சில காலத்துக்கு இன்னொரு கழகத்துக்குக் கொடுப்பது), 'டூயல் ரெஜிஸ்ட்ரேஷன்' (ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கழகங்களில் பதிவாகியிருப்பது) இரண்டு மட்டும் முடிவாகாமல் இழுபடுகின்றன. இதுவரை வந்த முன்மொழிவுகள்:

> லோனுக்குக் 'கடன்' போதும். கால்பந்துச் செய்திகளில் 'கடன் அடிப்படையில்' என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். புதிதாக எதற்கு?

> டூயல் ரெஜிஸ்ட்ரேஷன் = இரட்டைப் பதிவு. படித்தவுடன் விளங்குகிறது.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இலங்கை நண்பர்களுக்கு ரக்பி என்றதும் பதினைந்து பேர் ஆடும் யூனியன்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது பதின்மூவர் ஆட்டம். வேலையை விட்டு ஆட வந்த சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில், 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்துக் கழகங்கள் தனியே பிரிந்ததில் பிறந்தது. ஆட்டக்காரர் யாருடையவர், அவருக்கு யார் கூலி தருவது என்பது இந்த ஆட்டத்தின் பிறவிக் கேள்வி. அதனால்தான் இந்த இரு சொற்களிலும் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கடனை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்குகிறோம். வாங்கிய சர்க்கரை அன்றைக்கே காப்பியில் கரைந்துவிடும். நாளைக்கு வேறு சர்க்கரையை அளந்து கொடுப்போம். அதே வீட்டில் ஏணி வாங்கினால்? அதே ஏணியை, படி உடையாமல் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் இரவல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் லோன் என்ற ஒரே சொல் போதுகிறது. நம்மிடம் இரண்டு இருக்கும்போது பொருந்தாத ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் எல்லை மூடப்பட்டதும், ஆஸ்திரேலிய லீக்கில் ஆடும் நியூசிலாந்தின் வாரியர்ஸ் அணி மே மாதம் ஊரை விட்டுக் கிளம்பி, பருவம் முழுவதும் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடியது. முதலில் டாம்வொர்த், பிறகு டெரிகல். காயம்பட்டவருக்குப் பதிலாக ஊரிலிருந்து ஆளை வரவழைப்பது லேசான காரியமாக இல்லை. மற்றக் கழகங்கள் ஆள் கொடுத்து உதவின: பென்ரித்திலிருந்து ஜாக் ஹெதரிங்டன், பரமட்டாவிலிருந்து ஜார்ஜ் ஜென்னிங்ஸும் டேனியல் அல்வாரோவும், ரூஸ்டர்ஸிலிருந்து பொவாசா ஃபாமாவுசிலி. போனவர் ஹெதரிங்டன் என்றால், திரும்ப வேண்டியவரும் ஹெதரிங்டன்தான். அவருக்கு ஈடாக வேறொருவரை அனுப்பிக் கணக்கை நேர்செய்ய முடியாது. இது ஏணிக் கணக்கு.

'இரவல்' இரத்தலிலிருந்து வந்தது, ஆட்டக்காரரைப் பிச்சைப் பொருள்போலக் காட்டுகிறது என்று குழுமத்தில் ஐயா எழுதியிருந்தார்கள். அந்த மனவருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் நம் நூலகங்களில் 'இரவல் வழங்கும் பகுதி' என்ற பலகையைப் பார்த்து எவரும் கூசியதில்லையே, ஐயா. அங்கே அந்தச் சொல் சொல்வதெல்லாம், பத்திரமாக எடுத்துப்போய் நாளுக்குத் திருப்பிக் கொடு என்பது மட்டும்தான். தவிர, 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்ற பழமொழி, இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுக் கழகங்களின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் குறைக்கு அப்படியே பொருந்துகிறது. மேலிருந்து வருகிறவர்களை நம்பி, சொந்த ஊர்ப் பையன்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறார்கள் என்பதே அந்தக் குறை.

இனி 'இரட்டைப் பதிவு'. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களைக் கேளுங்கள்: இரட்டைப் பதிவு முறை என்றால் பற்றும் வரவும். வாக்காளர் பட்டியலைப் பார்த்தவர்களைக் கேளுங்கள்: இரட்டைப் பதிவு என்றால் நீக்க வேண்டிய பிழை. ஒரே சொல்லில் ஏற்கெனவே இரண்டு பொருள் குடியிருக்கின்றன, அவற்றில் ஒன்று குற்றம். முறைப்படி நடக்கும் ஓர் ஏற்பாட்டை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

அந்த ஏற்பாடு இதுதான். 2013 பருவத்துக்கு, இங்கிலாந்தில் இந்த ஆட்டத்தை நடத்தும் அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீக் இதைக் கொண்டுவந்தது. மேல்பிரிவான சூப்பர் லீக்கின் கழகம் ஒன்றில் பதிவாகியிருக்கும் ஒருவர், அந்தப் பதிவு அப்படியே இருக்க, கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றிலும் பதிவாகிறார். இரண்டு இடத்திலும் பயிற்சி எடுக்கலாம், இரண்டுக்கும் ஆடலாம். ஆனால் ஒரு சுற்றில் ஓர் ஆட்டம்தான். எந்த வாரம் எங்கே ஆடுவது என்று தீர்மானிப்பது சூப்பர் லீக் கழகம். வாராவாரம் முதல் அணியில் ஆட இன்னும் பக்குவப்படாத இளைஞர்களை மனத்தில் வைத்துச் செய்தது. அந்த ஆண்டு சூப்பர் லீக் கழகமான லீட்ஸ், அதே நகரின் தென்பகுதியில் இருக்கும் ஹன்ஸ்லட்டுடன் கைகோத்தது. சில ஆண்டுகள் கழித்து, பழைய சுரங்க ஊரான ஃபெதர்ஸ்டனுடன்.

இரவலில் குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் அங்கேயே போய்விடுகிறார். இதில் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் வாங்கும் பக்கத்துக்கு அது எப்பேர்ப்பட்ட வேறுபாடு என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அம்மா அரசுப் பள்ளிக் கணக்காசிரியர். ஓராண்டு மாற்றுப்பணி போட்டார்கள்: திங்கள் முதல் புதன் வரை சொந்தப் பள்ளி, வியாழனும் வெள்ளியும் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளி. சம்பளம் தாய்ப்பள்ளியில். அந்த இன்னொரு பள்ளிக்குப் போன நாள்களுக்கு வருகைச் சான்று வாங்கிவந்து இங்கே கொடுக்க வேண்டும். ஆணை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தாய்ப்பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் போதும், புதன் மாலையே 'டீச்சர், நாளைக்கு இங்கேயே இருங்க' என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு பள்ளியின் பத்தாம் வகுப்பு மறுநாள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பாதியில் நின்ற கணக்கு கரும்பலகையில் அழியாமல் இருந்ததை அடுத்த வாரம் போய்ப் பார்த்ததாக அம்மா ஒருமுறை சொன்னார்கள். ஹன்ஸ்லட் பயிற்சியாளரின் வாரக் கடைசி எனக்கு இப்படித்தான் கண்ணில் தெரிகிறது. செவ்வாயன்று லீட்ஸிலிருந்து வந்தவரை வைத்து ஆட்டம் பழகியிருப்பார்கள். மேலே லீட்ஸில் ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டால் அந்த இடம் காலி.

உண்மையில் 'மாற்றுப்பணி' என்பதையே கொண்டுவரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்த எவருக்கும் விளக்கமே தேவைப்படாது. ஆனால் களத்தில் ஒருவருக்குப் பதில் இறங்குகிறவரை 'மாற்று ஆட்டக்காரர்' என்று நம் பட்டியலிலேயே வைத்திருக்கிறோம். இரண்டும் குழம்பும். மனமில்லாமல் விட்டேன். 'தாய்ப்பள்ளி' மட்டும் நமக்குப் பயன்படும்: பேரண்ட் கிளப் என்பதற்குத் தாய்க்கழகம்.

ஆகவே டூயல் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இருகழகப் பதிவு என்று முன்மொழிகிறேன். எத்தனை முறை பதிந்தார்கள் என்பதைவிட எங்கே எங்கே பதிந்தார்கள் என்பதைச் சொல்கிறது. எழுதிப் பார்த்தேன்:

'லீட்ஸின் இளம் ஆட்டக்காரர் இந்த வாரம் இருகழகப் பதிவில் ஹன்ஸ்லட்டுக்கு ஆடுகிறார்.'

'ஹெதரிங்டன் பென்ரித்திலிருந்து வாரியர்ஸுக்கு இரவலாகப் போனார்.'

இரண்டும் நாக்கில் தடுக்கவில்லை. பருவம் முழுவதற்கும் என்றால் பருவ இரவல். இடையில் திரும்பக் கூப்பிட்டால் மீட்டழைப்பு. 'இரவல் கழகம்' மட்டும் வேண்டாம்; கொடுத்த கழகமா வாங்கிய கழகமா என்று தெரியாது. 'வீரர்' என்பதை விட்டு 'ஆட்டக்காரர்' என்று நான் எழுதுவது, பெண்கள் ஆட்டத்துக்கும் அதே சொல் நிற்க வேண்டும் என்பதற்காக.

மிச்சம் இருப்பது ஃபீடர் கிளப், அதாவது பெரிய கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆள் கொடுத்து வாங்கும் கீழ்நிலைக் கழகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இது பெரிய விஷயம். நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணியில் அந்த வாரம் இடம் கிடைக்காத ஒப்பந்த ஆட்டக்காரர்கள், டவுன்ஸ்வில் பிளாக்ஹாக்ஸ், மக்காய் கட்டர்ஸ், கெய்ர்ன்ஸின் நார்தர்ன் பிரைட் என்று பிரிந்து போய் மாநிலப் போட்டியில் ஆடுவது வழக்கம். டவுன்ஸ்விலிலிருந்து கெய்ர்ன்ஸ் மட்டுமே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஏரிக்கு நீர் கொண்டுவருவதை வரத்துக்கால் என்கிறோமே, அப்படி 'வரத்துக் கழகம்' எனலாம் என்று குழுமத்தில் தங்கை எழுதியது மிக அழகு. என் தயக்கம் நீரோட்டத்தின் திசையில்தான். கீழே வளர்ந்தவர் மேலே போவது வரத்து. மேலே இடம் கிடைக்காதவர் கீழே வருவது, ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போவதுபோல. ஒரே கழகம் இரண்டையும் செய்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற கல்லூரிபோல 'இணைவுக் கழகம்' என்றால் திசை பற்றிய சிக்கல் இல்லை, ஆனால் ஏரியும் போய்விடுகிறது.

இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. தங்கை, மறுகாலையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் ஏதாவது உங்கள் ஊர்ப்பக்கம் வழங்குகிறதா? நீர்ப்பாசனச் சொற்கள் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரவல், இருகழகப் பதிவு, தாய்க்கழகம் மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்