புதுப்பிப்பு: படகைக் கரையேற்றாமல் கடல்வால்வு மாற்றியாச்சு

பாய்மரப் படகைக் கரையேற்றாமல் கழிவறையின் கடல்வால்வை (படகின் அடிப்பகுதித் துளையில் கடல்நீரைத் திறந்து மூடும் வால்வு) மாற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாற்றிவிட்டோம்.

கைகொடுத்தது, அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை வெளியிலிருந்து துளைமேல் அமுக்கும் யோசனைதான். துளை நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே; தண்ணீரின் அழுத்தமே கிண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் முதல் தடவை ஒட்டவில்லை. சுற்றிலும் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்)! நண்பர் மூழ்கிச் சுரண்டிய பிறகு கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே வந்தது அரை வாளித் தண்ணீர். அவசரத்துக்குத் துளையை அடைக்க மர ஆப்பும் சுத்தியலும் பக்கத்திலேயே இருந்தன, தேவைப்படவில்லை.

எதிர்பாராதது: வெண்கலம் என்று நம்பியிருந்த பழைய வால்வு வெறும் பித்தளை. பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய், உடைந்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது.

அப்புறம், வாங்கும்போது மரையைப் பாருங்கள். கூம்பு மரை (போகப்போகக் குறுகும் திருகு) உள்ள வால்வு, நேர்மரை (ஒரே அகலத் திருகு) உள்ள குழாயில் சில சுற்றுக்கு மேல் ஏறாது. எனக்கு ஒருநாள் வீணானது அதில்தான்.