ஒரே கல்லில் பச்சைத் திட்டுகள்: வெப்பமும் அமுக்கமும் மட்டும் போதுமா?

செட்டிகுளம், உயர்தர மாணவி:
வணக்கம். செயற்றிட்டத்துக்காக வவுனியாப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடமொன்றுக்குச் சென்றபோது, கறுப்பு மைக்கா வரிகள் ஓடும் சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே, எண்ணெய் பூசியது போன்ற மினுக்கத்துடன் கரும்பச்சைத் திட்டுகள் கையகலத்திலிருந்து பாயகலம் வரை இருப்பதைக் கண்டேன். வெப்பமும் அமுக்கமுமே பாறையை உருமாற்றும் என்று படித்திருக்கிறோம். ஒரு முழம் தள்ளியுள்ள கல்லுக்கும் அதே வெப்பம்தானே கிடைத்திருக்கும், அது ஏன் மாறவில்லை? திட்டுகள் பின்னர் புகுந்த பாறைக் குழம்பாக இருக்கலாம் என்கிறார் தோழி ஒருவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா:
பிள்ளை, மைக்கா வரிகள் திட்டின் ஓரத்தில் அறுந்து நிற்கின்றனவா, மங்கலாகவேனும் உள்ளே தொடர்கின்றனவா? புகுந்த குழம்பு பெரும்பாலும் வரிகளை வெட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக உடைத்த முகத்தில் பாருங்கள். வெயிலில் கிடந்த முகம் பழுப்பேறி ஏமாற்றிவிடும்.

மாணவி:
தொடர்கின்றன ஐயா, ஆனால் உள்ளே மைக்கா மிகக் குறைவு. பெரிய திட்டுகள் பழைய விரிசல் ஒன்றின் வழியே வரிசையாக உள்ளன. ஓரிடத்தில் திட்டை ஊடறுத்து, மைக்கா மீண்டும் செறிந்த, நுண்மணியான கறுப்புப் பட்டை ஒன்றும் செல்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அப்படியானால் அதே கல்தான் இருந்த இடத்திலேயே சார்னொக்கைட்டு என்னும் கரும்பச்சைப் பாறையாகியிருக்கிறது. குருநாகல் பகுதியிலும் இத்தகைய திட்டுகள் ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டுள்ளன. இப்பகுதியின் அடித்தளமான வன்னித் தொகுதிப் பாறைகள், கோண்டுவானா என்னும் பழம்பெருங்கண்டத்தின் நிலத்துண்டுகள் மோதிச் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலவோட்டின் ஆழத்தில் 700 பாகை செல்சியசு அளவு வெப்பத்தைக் கண்டவை. அந்த வெப்பத்தில் கறுப்பு மைக்காவும் குவாட்சும் தாக்கமுற்று, பைரொக்சீன் வகை நீரற்ற கனிமமான ஓதோபைரொக்சீனையும் பொற்றாசியம் பெல்சுபாரையும் நீரையும் தரக்கூடும்; ஆனால் வெளிவந்த நீர் அங்கேயே தங்கினால் தாக்கம் முன்னேறாது. விரிசல் வழியே காபனீரொட்சைட்டு நிறைந்த பாய்மம் ஏறி, நீரின் பங்கைக் குறைத்த இடத்தில் மட்டும் மைக்கா அழிந்தது. ஒரு முழம் தள்ளியிருந்த கல்லுக்கு வெப்பம் கிடைத்தது, பாய்மம் கிடைக்கவில்லை.

புவிச்சரிதவியல் பட்டதாரி, கிளிநொச்சி:
ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் காபனீரொட்சைட்டே ஒரே காரணம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம், தங்கச்சி. கல் ஓரளவு உருகும்போது நீர் அந்த உருகலில் கரைந்து வெளியேறினாலும் மீதிக் கல் உலர்ந்து இதே நிலையை அடையும். எனவே திட்டுகளின் அருகே அத்தகைய உருகல் உறைந்த வெளிர்நிறப் பருமணிக் கோடுகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

எனக்கு அந்தக் கறுப்புப் பட்டைதான் மிக முக்கியமாகத் தெரிகிறது. கல் பின்னர் அக்கோட்டில் இழுபட்டு நசிந்து, மணிகள் சிறுத்து, நீர் ஊடுருவ வழி திறந்திருக்க வேண்டும். அந்த நீர் பைரொக்சீனைத் திரும்பவும் மைக்காவாக்கியிருக்கும். நோர்வேயின் பேர்கன் நகருக்கு அருகிலுள்ள ஹோல்ஸ்னோய் தீவில் இதைவிடப் பெரிய சான்று உண்டு. அங்கே உயர் வெப்பத்தில் உருமாறி உலர்ந்த கிரனுலைட்டுப் பாறை 50 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குப் புதைந்தும் பெரும்பகுதி பழைய கனிமங்களுடனேயே தப்பிவிட்டது. விரிசலும் இழுபட்ட பட்டைகளும் நீரை உள்ளே விட்ட இடங்களில்தான் அது உயர் அமுக்கப் பாறையான எக்லோகைட்டாக மாறியது.

மாணவி:
எந்தத் துண்டுகளை எடுக்க வேண்டும், அண்ணா?

பட்டதாரி:
சாம்பல் கல், திட்டின் விளிம்பு, திட்டின் நடு, கறுப்புப் பட்டை ஆகியவற்றில் ஒவ்வொன்று போதும். பட்டை செல்லும் திசையைக் கொம்பாசால் அளந்து, எடுத்த இடத்தைப் படத்தில் குறியுங்கள். மெல்லிய வெட்டுச் செய்து நுணுக்குக்காட்டியில் பார்க்க உதவுமாறு பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையை ஆசிரியர் மூலம் கேட்டுப் பார்க்கலாம். வெடி வைக்கும் நாளில் அங்கே போக வேண்டாம்.